காட்சியும் காணியும்

மலைநாட்டுச் சிறுநகரங்களைப் பற்றி எழுதப் புகுவோர் பனிமூட்டத்தையும் பசுமையையும் புகழ்வதோடு நின்றுவிடுகின்றனர். நாம் ஆசிரியத் தொழில் புரிந்து வாழும் அப்புத்தளையும் அவ்வாறு புகழப்பட்ட ஊர்களுள் ஒன்றே. ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில், ஒடுங்கிய மலைமுகட்டின் மீது அமைந்த நகர் இது. வானம் தெளிந்த நாட்களில் தெற்கே தாழ்நிலம் கடல்வரை விரிந்து கிடக்கக் காணலாம். ஒருவரையொருவர் முகமறிந்து வாழும் ஊர். மரக்கறிக் கடைக்காரர் நமது மாணவனின் மாமனாகவும் இருப்பார். இவ்வூரை நாம் நேசிக்கின்றோம். ஆதலாலேயே ஒரு வினாவை எழுப்ப வேண்டியவராகின்றோம்: இந்த அழகின் நடுவே வீடுடையோர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் நாம் நகரின் ஓரத்தே பத்துப் பேர்ச்சஸ் காணி வாங்கினோம். நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட உறுதி கைக்கு வந்ததும், அதனை ஈடாகக் கொண்டு வங்கி கடன் தந்தது. இன்று நமது பெயருக்கே கடிதமும் மின்சாரப் பட்டியலும் வருகின்றன. புதிதாய் ஓர் அறை கட்ட விரும்பினால், பிரதேச சபையின் அனுமதி போதும். வேலை தருபவரின் தயவு வேண்டியதில்லை.

நமது வகுப்பிலுள்ளோரிற் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். முகவரி எழுதச் சொன்னால் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் லயத்தின் இலக்கத்தையும் எழுதுவர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில் மூன்று தலைமுறை வாழ்கின்றது. ஒரு மாணவியின் தந்தையார், மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பதற்கென லயத்தை ஒட்டித் தகரக் கூரையிட்டு ஒரு சிற்றறை அமைத்தார். தோட்டத்து அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. மறுநாளே அதனைப் பிரித்தார். பிள்ளை அயல் வீட்டு விளக்கடியிற் படித்தாள்.

இந்நிலை தற்செயலாய் விளைந்ததன்று. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துறையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர், தமிழகத்திலிருந்து வந்த மக்களின் உழைப்பால் இம்மலைகளெங்கும் பரவியது. அவர்களை வேலைத்தலத்தோடு பிணைத்து வைக்கவே லயங்கள் எழுந்தன. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின; உழைத்தவனுக்கோ குடியிருக்கும் நிலமும் கிட்டவில்லை. 1992 இல் முகாமை கம்பனிகளின் கைக்குச் சென்றது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. தனிவீட்டுக்கென ஏழு பேர்ச்சஸ் காணி என்ற திட்டம் அதன் பின்னர் வந்த ஒரு முன்னேற்றமே. நாம் அதனை இகழவில்லை. ஆயின் ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ் ஆகும். ஓர் ஏக்கரில் 22 குடும்பங்களை அடக்கிவிடலாம் என்பதே அதன் கணக்கு. அவ்வீடுகளும் எல்லோரையும் சென்றடையவில்லை. பெருந்தொகையினர் இன்றும் காம்பராக்களிலேயே வாழ்கின்றனர்.

நமது மலைமுகட்டின் கீழே, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. ஆபத்தைப் பற்றி முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எனினும் போய்க் குடியேற ஒரு துண்டு மண்ணில்லாதோர் எங்கே போவர்? அக்காலை நமக்குக் கற்பித்த பாடத்தை எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை.

சொந்த வீட்டு ஆசை குட்டிமுதலாளித்துவக் கனவு என்று சொல்லும் நண்பர்கள் நம்மிடையே உளர். பிறர் உழைப்பை உறிஞ்சும் உடைமை வேறு, தலைசாய்க்கும் கூரை வேறு. தொழிலும் கூரையும் ஒரே கையில் இருக்கும்வரை, தொழிலாளி நிமிர்ந்து பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் தன் குடும்பத்தின் படுக்கையையே பணயம் வைக்கின்றான். ஆகவே வீட்டுரிமைப் போராட்டம் கூலிப் போராட்டத்தின் பிரிக்கவியலாத பகுதியாகும்.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியதும் உண்டு. வீடு கையளிக்கப்படும் இடத்திலெல்லாம் காணி உறுதியும் கையளிக்கப்பட்டதா என்று கேட்போம். பெற்றோர் கொண்டுவரும் பத்திரம் உறுதியா, வெறும் கடிதமா என வாசித்துச் சொல்வோம். காணி உறுதியின் பொருளை மேல்வகுப்பு மாணவர்க்கு விளக்குவோம். இம்மலைகளுக்கு அழகூட்டியவர்கள் இங்கே விருந்தாளிகளல்லர். தம் பெயரில் வீடும் முகவரியும் பெறுதற்கு உரியவர்கள்.