மோட்டார் வீடும் தாமிரபரணி எலிகளும்

பொதிகை மலையிலே பிறந்து புன்னைக்காயலிலே கடலோடு கலக்கும் தாமிரபரணிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. தோற்றமும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே அமைந்த ஜீவநதி அது. 120 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகமான அதன் பாதையில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஏழு, வெள்ளைக்காரர் ஆட்சிக்கு முன்பே நம்மவர் கட்டியவை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் பாயும் இடமெல்லாம் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிறது. அந்த நெல்லை நம்பி மனிதர்கள் மட்டும் வாழவில்லை, எலிகளும் வாழ்கின்றன.

ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே சிவகளை என்னும் ஊரில், தொல்லியல் துறையினர் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழி ஒன்றில் நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் தெரிந்ததாகத் தமிழ்நாட்டு அரசு 2021-ல் அறிவித்தது. நெல் இருந்த இடத்தில் எலியும் இருந்திருக்கும் என்று ஊகிப்பதற்குப் பெரிய பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. ஆகவே, நமக்கும் எலிக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் நடந்து வரும் வழக்கு ஏறக்குறைய 3,200 வருஷத்து வழக்கு. அந்தப் பழைய வழக்கிலே புதிதாக ஒரு பிரதிவாதி சேர்ந்திருக்கிறார். அவர்தாம் மோட்டார் வீடு.

மோட்டார் வீடு என்றால் என்னவென்று நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பின் நடுவே இளைப்பாறும் ‘கேரவன்’தான் அது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். பக்கத்துக் கேரள ராஜ்யத்தில் 2021-ல் இத்தகைய வண்டிகளில் சுற்றுலா நடத்துவதற்கென்றே அரசாங்கம் ஒரு திட்டம் வகுத்தது. ஆனால், யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிது அல்ல. திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டு, அரிசி மூட்டையும் அண்டாவும் ஏற்றி, கூண்டு வண்டி கட்டிப் புறப்பட்ட நம் பாட்டனார்கள் ஆற்றங்கரைத் தோப்புகளில் அவிழ்த்துப் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு, வண்டியிலேயே தூங்கினார்கள். மாட்டுக்குப் பதிலாக இப்போது டீசல், அவ்வளவுதான்.

கார் அறுவடை

பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர், பழைய வேன் ஒன்றை வாங்கி இப்படி வீடாக மாற்றியிருந்தார். காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரையில் நதியோடு ஒட்டியே போய் வரலாம் என்று என்னை அழைத்தார். அவருடைய பேரனும் பேத்தியும் கூட வந்தார்கள். பேத்திக்கு வயது மூன்று.

பாபநாசத்து மலைப்பகுதி, 1988-ல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே நினைத்த இடத்தில் இரவு தங்க முடியாது. ஆகவே அருவியை மட்டும் தரிசித்துவிட்டுக் கீழே இறங்கினோம். அம்பாசமுத்திரத்தைக் கடந்து, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிக்கொண்டு, சேரன்மாதேவிக்கு அப்பால் ஒரு களத்துமேட்டின் ஓரமாக, வைக்கோல் படப்புக்கு அருகில் வண்டியை நிறுத்தினோம். நிலவும் காற்றும் அமிர்தமாயிருந்தன.

மறுநாள் காலையில் வண்டியின் முன் விளக்குகள் எரியவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால், கம்பிகளின் மேலுறை துண்டு துண்டாகக் கிடந்தது. உள்ளே அப்பளக் கட்டு பாதியாயிருந்தது. சுற்றிலும் கார் நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. எலிகள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, மோட்டார் காரை அறுவடை செய்யத் தொடங்கிவிட்டன போலும்!

வேடிக்கை ஒருபுறம் இருக்க, இதில் ஒரு காரணம் உண்டு. வயலில் பயிர் நிற்கும் வரையில் எலிக்கு உணவும் மறைவும் அங்கேயே கிடைக்கின்றன. அறுவடையானதும் இரண்டும் ஒரே நாளில் பறிபோகின்றன. அப்போது அது களத்துமேட்டையும் படப்பையும் வீட்டையும் நாடி வருகிறது. ஐப்பசி மழையில் வரப்பு வளைகளுக்குள் நீர் புகும்போதும் அப்படியேதான். ஓடி நின்ற வண்டியின் இயந்திரம் இரவில் வெகுநேரம் கதகதப்பாக இருக்கும். குளிருக்கு ஒதுங்க அதைவிடச் சிறந்த சத்திரம் எலிக்கு ஏது? ஒதுங்கிய எலி சும்மா இருப்பதில்லை. அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருப்பது அதன் பிறவிக் குணம்.

வரப்பைத் துளைக்கும் வயற்பெருச்சாளி ஒரு சிறு மிராசுதார் என்றே சொல்லலாம். நெற்கதிர்களைக் கடித்து வளைக்குள் இழுத்துச் சென்று சேமித்து வைக்கும். ஏழைகள் அந்த வளைகளைத் தோண்டி நெல் எடுப்பது நம் கிராமங்களில் பழைய வழக்கம். இங்கிலீஷ்காரர் பெருச்சாளியைக் குறிக்கும் ‘பாண்டிகூட்’ என்ற சொல்லே, ‘பன்றி எலி’ என்று பொருள்படும் ‘பந்திகொக்கு’ என்ற தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது. சுண்டெலியோ உருவத்தில் சிறியது. ஆனால் மோட்டார் வீட்டுக்கு அதுதான் பெரிய சத்துரு. ஒரு சாதாரண பென்சில் நுழையக்கூடிய துவாரம் இருந்தால், அதனுள் சுண்டெலியும் நுழைந்துவிடும். நீண்ட மூக்கோடு ‘கீச் கீச்’ என்று சுவரோரம் ஓடும் மூஞ்சூறு மாத்திரம் இந்தக் குலத்தைச் சேர்ந்ததன்று. அது பூச்சிகளைத் தின்று வாழும் பிராணி. அதைக் கொல்ல வேண்டாம்.

பாட்டையாவின் தீர்ப்பு

கம்பிகளைச் செப்பனிட்டு முடித்ததும், நண்பர் கடைத்தெருவுக்குப் போய் எலி மருந்து வாங்கி வந்தார். பார்வைக்கு அது மிட்டாய்த் துண்டு போலவே இருந்தது. படுக்கைக்கு அடியில் நாலு மூலையிலும் வைக்கப் போவதாகச் சொன்னார். அந்தப் படுக்கையில்தான் பேத்தி புரண்டுகொண்டிருந்தாள்.

களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“என்ன அய்யா, மருந்தா? பச்சப் புள்ள இருக்க எடத்துலயா?” என்று கேட்டார்.

“வேறு என்ன செய்வது, பாட்டையா?” என்றார் நண்பர்.

“மருந்த வச்சா எலிதான் சாவும், ஓட்ட சாவாதுல்லா? நாளைக்கு அடுத்த எலி அதே ஓட்ட வழியா வரும்லா?” என்றார் பெரியவர். பிறகு என்னைப் பார்த்து, “வாத்தியாரய்யா, மொதல்ல நீங்க எலியா மாறி வண்டியச் சுத்தி வாங்க. எது வழியா ஏறுவோம், எது வழியா நொழைவோம்னு பாருங்க” என்றார்.

அந்த வார்த்தைகளைப் பல பாடப் புத்தகங்களுக்குச் சமமாக மதிக்கிறேன்.

விஷத்தின் குற்றங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். விஷம் தின்ற எலி வண்டியின் சுவர்ப் பலகைக்கு இடையே போய்ச் செத்தால், நாற்றத்தைத் தாங்க முடியாது, எடுக்கவும் முடியாது. செத்தும் சாகாமலும் வயலில் தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் பூனைக்கும் அந்த விஷம் ஏறுகிறது. எலியைப் பிடிக்கச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் காவற்காரனையே கொன்றுவிட்டால், பிறகு வயலை யார் காப்பது? கூகை அலறினால் அபசகுனம் என்று கல்லெறிகிறோம். ஆனால் விவசாய நிபுணர்களோ, இரவில் அது வந்து உட்கார்ந்து எலி பிடிப்பதற்கென்று வயலில் குச்சித் தாங்கிகள் நட்டு வைக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை ஈரலை அழித்துவிடும். அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. அந்தப் பசைக்கு எத்தனையோ குடும்பங்கள் உயிர்களைப் பறிகொடுத்திருக்கின்றன. குழந்தை படுக்கும் இடத்தில் அதை வைப்பதா?

நண்பர் மருந்தைப் பொட்டலம் கட்டிக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வழி அடைக்கும் வித்தை

பிறகு நாங்கள் இருவரும் தரையில் படுத்து, டார்ச் விளக்கை அடித்து வண்டியின் அடிவயிற்றைச் சோதித்தோம். தண்ணீர்க் குழாய் நுழையும் இடத்தில் ஒன்று, மின்கம்பி நுழையும் இடத்தில் இரண்டு, சக்கரத்துக்கு மேலே ஒன்று என்று துவாரங்கள் அகப்பட்டன. துணியோ ரப்பரோ வைத்து அடைத்தால் எலி அதைப் பலகாரமாகக் கருதும். பாத்திரம் துலக்கும் கம்பிச் சுருளை இறுக்கித் திணித்து, அதன்மேல் ஒட்டுப்பசை பூச வேண்டும். காற்றோட்டத்துக்கான ஜன்னல்களுக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை போதும். அரிசி, பருப்பு, அப்பளம் எல்லாம் எவர்ஸில்வர் தூக்குகளுக்கும் தகர டப்பாக்களுக்கும் மாறின. எச்சில் இலையும் குப்பையும் இருட்டுவதற்கு முன் வண்டியை விட்டு அகன்றன. வண்டியைப் படப்பின் அருகிலோ வரப்பின் ஓரத்திலோ நிறுத்துவதில்லை, பெருக்கிச் சுத்தமான கட்டாந்தரையில்தான் நிறுத்துவது என்று தீர்மானம் ஆயிற்று.

வழியெங்கும் இதே வித்தையை நம்மவர்கள் கையாண்டிருப்பதைப் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடுகளில் ‘குலுக்கை’ என்று ஒன்று உண்டு. ஆள் உயரத்துக்கு மண்ணால் செய்த தானியக் குதிர் அது. வழவழவென்று மெழுகிய சுவர், மேலே மூடி, தானியம் எடுக்க அடியில் ஒரு சிறு துவாரம், அதற்கும் ஓர் அடைப்பு. எலி ஏற முடியாது. ஏறினாலும் நுழைய முடியாது. தென்னந்தோப்புகளில் சில மரங்களின் நடுவே தகரப் பட்டை சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எலியின் நகம் அதில் பற்றாது; இளநீர் தப்பும்.

புன்னைக்காயலில் நதியை வழியனுப்பிவிட்டு, வடக்கே தூத்துக்குடிக்குப் போனோம். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய ஊர் அல்லவா? துறைமுகங்களில் கப்பலைக் கரையோடு பிணைக்கும் வடங்களில் வட்டமான தகடுகளை மாட்டும் வழக்கம் உண்டு. வடத்தின் மேல் நடந்து வரும் எலி அந்தத் தகட்டைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடும். கப்பலும் ஒரு நகரும் வீடுதானே? 1896-ல் பம்பாயில் பரவிய பிளேக் நோய் கப்பல் வழியாக வந்ததென்றே கருதப்படுகிறது. எலியின் உடம்பில் உள்ள தெள்ளுப்பூச்சிதான் அந்நோயைப் பரப்புகிறது என்று 1898-ல் கராச்சியில் பிரெஞ்சு வைத்தியர் ஸீமோன் கண்டறிந்தார். இதைக் கேட்ட நண்பரின் பேரன், எங்கள் வண்டிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பியில் பழைய தகர மூடி ஒன்றைத் துளையிட்டு மாட்டிவிட்டான். கப்பலுக்கு எது தகுமோ அது வேனுக்கும் தகும்.

வெள்ளத்துக்குப் பின்

திரும்பும் வழியில் ஸ்ரீவைகுண்டத்தில் தங்கினோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை அந்த ஊரார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டி மீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேருடன் நின்றுபோயிற்று. அத்தகைய வெள்ளத்தில் மனிதர்கள் மேட்டைத் தேடும்போது எலிகளும் மேட்டைத்தான் தேடுகின்றன. அவற்றின் சிறுநீர் கலந்த நீர் நம் காலிலுள்ள சிறு புண் வழியாக நுழைந்தால் எலிக்காய்ச்சல் உண்டாகும். அசட்டை செய்தால் அது ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மழைக்காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் நடந்த பிறகு காய்ச்சலும் கடுமையான தசைவலியும் கண்டால், தாமதமின்றி வைத்தியரிடம் போக வேண்டும். வண்டிக்குள் எலிப் புழுக்கை கண்டால் துடைப்பத்தால் தூசி பறக்கப் பெருக்கலாகாது. கையுறை அணிந்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் நனைத்துத் துடைத்தெடுக்க வேண்டும்.

அடைத்த பிறகும் உள்ளே ஒன்று அகப்பட்டுக்கொண்டால், பொறி வைக்கலாம். சுவரை ஒட்டியே எலி ஓடும். ஆகவே பொறியும் சுவரோரம்தான் இருக்க வேண்டும். பெரிய எலிகள் புதிய பொருளைக் கண்டால் சந்தேகப்படும். இரண்டு மூன்று நாள் பொறியை மாட்டாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்கினால் நம்பிவிடும். இரை என்னவென்று நம் நாட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். சுட்ட தேங்காய்ச் சில், கருவாடு, மசால்வடை எல்லாமே பிரசித்தம். அந்துருண்டைகளை மட்டும் வண்டிக்குள் இறைக்க வேண்டாம். மூடிய இடத்தில் அதன் நெடி எலியைவிடக் குழந்தைகளுக்கே அதிகக் கெடுதல்.

பிரயாணம் முடிந்து வண்டியைக் கொட்டகையில் நிறுத்துகிறவர்கள் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டிதான் எலிக்குப் பிரியமான மாளிகை. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் உள்ளே துடைத்து, மெத்தைகளை வீட்டுக்குள் எடுத்துச் சென்று, வாரம் ஒரு முறையாவது மூடியைத் திறந்து பார்த்து, சிறிது தூரம் ஓட்டி வருவது நல்லது.

எங்கள் வண்டி சேரன்மாதேவிக்குப் பிறகு ஆறு இரவுகள் நதிக்கரையில் நின்றது. ஒரு கம்பியும் அறுபடவில்லை, அப்பளமும் குறையவில்லை. பிசான அறுவடையின்போது வயல்களின் நடுவே இப்படிப் பயணம் செய்ய எண்ணும் குடும்பத்தினர், சாமான் பட்டியலில் கம்பிச் சுருளையும் இரும்பு வலையையும் ஒரு டார்ச் விளக்கையும் சேர்த்துக்கொள்வார்களாக. புறப்படுவதற்கு முன் ஒரு நாழிகை நேரம் எலியாக மாறி வண்டியைச் சுற்றி வந்துவிட்டால், பிறகு இரவெல்லாம் மனிதராகவே நிம்மதியாகத் தூங்கலாம்.