தகப்பனின் தொழில்

வெளிநாட்டுப் படிப்பு என்றால் காணி பூமி உள்ளவர்களின் பிள்ளைகளுக்குத்தான் என்று நானும் நினைத்திருந்தவள். 2009 மே மாதம் வட்டுவாகல் கடந்து வரும்போது என் கையில் இருந்தது ஒரு உடுப்புப் பையும் இரண்டு பிள்ளைகளும் மட்டுமே.

மூத்தவள் 2018 இல் உயர்தரம் எழுதினாள். இசட் புள்ளி கொஞ்சம் குறைந்துபோனதால், விரும்பிய பாடத்துக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை. அந்த நேரம் ஒருவர் வீட்டுக்கு வந்து, “அக்கா, புலமைப்பரிசில் எடுத்துத் தாறன், முதலில் எழுபத்தையாயிரம் கட்டுங்கோ” என்றார். தோட்டை அடகு வைத்துக் கொடுத்தேன். அவர் பிறகு தொலைபேசியை எடுக்கவேயில்லை. இடைத்தரகருக்குக் காசு கட்டி வாங்குகிற பொருளல்ல புலமைப்பரிசில் என்பதை எனக்கு அப்போது சொல்ல ஆளில்லை.

வழி காட்டியவர் அவளுடைய பாடசாலை ஆசிரியை. இந்திய அரசாங்கம் எங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் புலமைப்பரிசில் கொடுக்கிறது. முதற் பட்டத்துக்கு நேரு ஞாபகார்த்தத் திட்டம், முதுகலைக்கு மௌலானா ஆசாத் திட்டம். படிப்புக் கட்டணம், மாதாந்தச் செலவு, தங்குமிடம், புத்தகக் காசு எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால் மருத்துவப் படிப்புக்கு இல்லை. பத்திரிகையில் அறிவித்தல் வரும், முடிவு திகதிக்கு அதிக நாள் இருக்காது. ஆகவே பத்திரங்களை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும், பிள்ளைகளே!

எங்களிடம் பிறப்புச் சாட்சிப் பத்திரமே இல்லை. பிரதேச செயலகத்துக்கு மூன்று தரம் நடந்து பிரதி எடுத்தோம். அதை ஆங்கிலத்துக்கு மாற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போனோம். பெறுபேற்றுச் சான்றிதழ், கடவுச்சீட்டு என்று அலைச்சல்தான்.

எல்லாம் முடிந்து படிவத்தை நிரப்பும்போது ஒரு கட்டத்தில் நின்றுவிட்டோம். தகப்பனின் தொழில். அவர் 2009 இல் காணாமல் போனவர். மரணச் சான்றிதழ் எடுங்கோ என்று எத்தனையோ பேர் சொல்லியும் நான் எடுக்கவில்லை. “என்னம்மா எழுத?” என்று கேட்டாள். நான் பேசாமல் இருந்தேன். அவளே எழுதினாள், “கடற்றொழில்.” அதைப் பற்றி எவரும் கேள்வி கேட்கவில்லை.

2019 இல் போனாள். விமான நிலையத்தில் நான் அழவில்லை, வீட்டுக்கு வந்துதான் அழுதேன். 2020 இல் கொரோனா வந்து விடுதி அறையில் மாட்டுப்பட்டபோது, ஏன் அனுப்பினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். என்றாலும் பட்டத்தோடு வந்துவிட்டாள். இப்போது வேலை செய்கிறாள்.

இனி முதுகலை என்கிறாள். பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருடப் படிப்புக்குரியது. பட்டத்தோடு இரண்டு வருட வேலை அனுபவமும் கேட்பார்கள், படித்து முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பியிருக்கவும் வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனை எனக்கு நல்ல விருப்பம். பொதுநலவாயப் புலமைப்பரிசில் முதுகலைக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் உண்டு. பல்கலைக்கழகம் முடித்த பிள்ளைகள் அதையும் பாருங்கள்.

இரவில் மேசையில் இருந்து கட்டுரை எழுதுகிறாள். ஆங்கிலம் எனக்கு விளங்காது. நேற்று வாசித்துக் காட்டியபோது வட்டுவாகல் என்ற சொல் மட்டும் விளங்கியது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.