பதினொரு மரங்களுக்கு ஸ்தோத்திரம்!

2018 டிசம்பரில் லீவு லெட்டரை நீட்டியபோது எங்கள் ஆபீஸ் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "என்னப்பா, நவம்பர்ல புயல்னு போனே. இப்ப கிறிஸ்துமஸ்ங்கறே. அடுத்தது பொங்கலா?"

"இல்ல சார், பொங்கலுக்கு நீங்க போங்க, நான் ஆபீஸைப் பார்த்துக்கறேன்" என்று சமாளித்துக் கையெழுத்து வாங்கினேன். வாங்கினேனே தவிர, ஊருக்குப் போக மனசே இல்லை.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே. தஞ்சாவூர் ஜில்லா என்றதும் உங்களுக்கு நெல்தான் நினைவுக்கு வரும். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் (சில வருஷம் சேராமலும் போகும்) எங்கள் கடைமடைப் பக்கத்தில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது தென்னை. பெத்த பிள்ளை கைவிட்டாலும் வச்ச பிள்ளை கைவிடாது என்பார்களே, அந்த நம்பிக்கையில் அப்பா 140 பிள்ளைகள் வைத்தார். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது இன்னும் தோளில் வலிக்கிறது.

நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று. ஓடு பறக்க ஆரம்பித்ததும் அப்பாவும் அம்மாவும் எதிர்த்த மாடி வீட்டுச் சித்தப்பாவிடம் ஓடியிருக்கிறார்கள். சித்தப்பா என்றால் ரத்த உறவில்லை. அவர் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா!

விடிந்து பார்த்தால் 140-ல் நின்றது 11. டெல்டா முழுக்க லட்சத்துக்கும் மேலே மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டலாம்தான், எரிய கரண்ட் வேண்டுமே!

"இந்த வருஷம் பண்டிகை எல்லாம் வேண்டாம்மா" என்றேன், வந்து இறங்கியதும்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "இயேசு சாமி பொறந்தப்ப மாட்டுக் கொட்டகைல கரண்டா இருந்துச்சு? போய்க் குளிச்சிட்டு வா." விழுந்த காய்களை உடைத்துத் தேங்காய் பர்பி கிண்டிக்கொண்டிருந்தார். தெரு முழுக்க அதே பர்பிதான். தட்டு மாற்றிக்கொள்ளும்போது எல்லோருக்கும் சிரிப்பு.

24-ஆம் தேதி சாயங்காலம், மரம் ஏறுகிற அண்ணன் வந்தார். விழுந்த மரத்துக்கு அரசாங்கம் 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக மரத்துக்கு 1,100 என்று அறிவித்திருந்தது. அது மரம் வைத்திருந்தவனுக்கு. மரம் ஏறிப் பிழைத்தவனுக்கு? அவருக்குச் சொந்தமாக ஒரு மரமும் கிடையாது. விழுந்த காய்களை வந்த விலைக்கு விற்ற பணத்திலிருந்து பழைய கூலிப் பாக்கியையும், மேலே கொஞ்சமும் எண்ணிக் கொடுத்தார் அப்பா.

"நமக்கே இல்லாதப்ப இது அவசரமாப்பா?" என்றேன், அவர் போனபிறகு.

"கூலிப் பாக்கி வச்சுக்கிட்டு காணிக்கை போட்டா ஆண்டவர் கவரைத் திருப்பி அனுப்பிச்சிடுவார் தம்பி."

ஐயோ, காணிக்கைக் கவர்! எங்கள் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்மேல் காரணம் எழுத வேண்டும். உபதேசியார் அதை உரக்க வாசிப்பார். 'மகனுக்கு வேலை கிடைத்ததற்காக', 'பசு கன்று போட்டதற்காக' என்றெல்லாம் வரும். இந்த வருஷம் அப்பா என்ன எழுதுவார்? கூச்சமாக இருந்தது.

மறுநாள் விடியற்காலை ஆராதனை. ஜன்னல் கண்ணாடி போய், சாக்கு கட்டியிருந்தார்கள். பிரசங்கத்தில் ஐயர், தஞ்சாவூரில் ஊழியம் செய்த சுவார்ட்ஸ் ஐயர் கதையைச் சொன்னார். 1780-களில் ஹைதர் அலி படையெடுப்பால் ஊரெல்லாம் பஞ்சம். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பட்டினிச் சாவு. வெளியே நெல் இருந்தும், காசு வராது என்று பயந்து குடியானவர்கள் மாடு தரவில்லை. சுவார்ட்ஸ், 'கூலிக்கு நான் பொறுப்பு' என்று எழுதி அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன! 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் போனது. சொன்னபடி எல்லோருக்கும் பணமும் கொடுத்தார்.

விசுவாசம் என்றால் கண்ணை மூடுவது என்றுதான் நினைத்திருந்தேன். கணக்கைத் தீர்ப்பதும் அதில் சேர்த்தி என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பிறகு கவர்கள். அப்பா பெயரைச் சொல்லி உபதேசியார் வாசித்தார்: "விழாமல் நிற்கிற 11 மரங்களுக்காக... ரூபாய் 110."

கோயில் ஒரு நிமிஷம் கப்சிப்.

திரும்பி வரும்போது அடக்க முடியாமல் கேட்டேன். "விழுந்த 129-க்கு யாரைப்பா கேக்கறது?"

"அவரைத்தான். தினம் ராத்திரி கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். இன்னும் பதில் வரல. கேக்க ஒருத்தர் இருக்கார்ல, அதுவே பெரிசு."

கொஞ்ச தூரம் நடந்தபின் அவரே தொடர்ந்தார். "2004 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கா? கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை. சுனாமில நாகப்பட்டினம் ஜில்லாவுல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. வேளாங்கண்ணிக்கு வந்த ஜனம் எத்தனை பேர்! அந்த வாரம் ஒருத்தர் சாட்சி சொன்னார், 'ஆண்டவர் என்னை மட்டும் காப்பாத்தினார்'னு. எனக்குக் கோபம் வந்துடுச்சு. அப்ப செத்தவங்களை அவர் கைவிட்டுட்டாரா? அன்னிலேர்ந்து தப்பிச்சதுக்காக நான் ஸ்தோத்திரம் சொல்றதில்லை. எது யார் கையால கிடைச்சுதோ, அதுக்குத்தான் சொல்வேன். புயல் ராத்திரி எதிர்வீட்டுக்காரன் கதவைத் திறந்தான் பாரு, அதுக்குச் சொல்வேன்."

பர்பித் தட்டோடு முதலில் எதிர்வீட்டுக்குத்தான் போனோம். சித்தப்பா கதவைத் திறந்து, "மறுபடியும் தேங்காயா!" என்று தலையில் அடித்துக்கொண்டு, இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

2019-ல் அப்பா மறுபடியும் பிள்ளைகள் வைத்தார். இப்போது காய்க்கின்றன. மரம் ஏறுகிற அண்ணன்தான், 'ரொம்பக் குட்டை, ஏணியே போதும், எனக்கு மரியாதை இல்லை' என்று குறைப்படுகிறார்.

போன கிறிஸ்துமஸுக்கு நானும் தனியாக ஒரு கவர் போட்டேன். உபதேசியார் என் பெயரைச் சொல்லி, ஒரு கணம் தயங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

"2018-ல் லீவு கொடுத்த மேனேஜருக்காக."

கோயிலே சிரித்தது. அப்பா மட்டும் திரும்பிப் பார்த்து, 'சரிதான்' என்பதுபோலத் தலையாட்டினார்.