புயல் வராத ஊருக்கு வந்த புயல்

டிசம்பரில் டெசாரு கடற்கரைக்குப் போனால் கடலில் இறங்க முடியாது. தென்சீனக் கடல் கலங்கிப் பொங்கும். சவுக்கு மரங்கள் காற்றில் இரையும். “மழைக்காலம்தானே” என்று ஜொகூர்க்காரர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். மழை பழகியதுதான். ஆனால் 2001 டிசம்பர் 27 அன்று இந்தப் பக்கம் கரையேறியது வாமெய் என்ற புயல்.

புயல் என்றதும் தமிழர்களுக்கு 1964-இன் தனுஷ்கோடி நினைவுக்கு வரும். ஜொகூருக்கு அப்படியொரு நினைவு இல்லை. காற்றைச் சுழல வைப்பது பூமியின் சுழற்சி. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்த விசை குறைந்துவிடும். டெசாருவோ கோட்டிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அதனால் இங்கே புயல் வராது என்றே நம்பினார்கள். அந்த டிசம்பரில் வடக்கிலிருந்து வந்த குளிர்காற்று தென்சீனக் கடல் வழியே நாள்கணக்கில் வீசி, போர்னியோவை ஒட்டியிருந்த காற்றுச்சுழலோடு சேர்ந்துகொண்டது. அதுவரை பதிவானவற்றில் கோட்டுக்கு மிக அருகில் உருவான புயல் பிறந்தது. இப்படி ஒன்று வர நூறு முதல் நானூறு ஆண்டுகள் ஆகலாம் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

புயல் கிழக்குக் கரையில் ஏறினாலும் உயிர்கள் போனது மாநிலத்தின் மறுபுறத்தில், குனோங் பூலாய் மலையில். அடைமழையில் மண் சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அருவி பார்க்கக் குடும்பங்கள் கூடும் அந்தக் காடு பிறகு பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. வாமெய் என்பது மக்காவ் தந்த பெயர். ஒரு பாட்டுப் பறவையின் பெயர். அந்தப் பெயரை இனி எந்தப் புயலுக்கும் வைக்க மாட்டார்கள்.

ஐந்தே ஆண்டுகளில் இன்னொரு பாடம். 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் ஜொகூரில் எந்தப் புயலும் கரையேறவில்லை. ஆனாலும் கொட்டிய மழையில் ஜொகூர் ஆற்றங்கரை நகரமான கோத்தா திங்கி இரண்டு முறை மூழ்கியது. மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

புயல் அபூர்வம், மழை ஆண்டுதோறும் வரும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு கோத்தா திங்கி அருவிக்குப் போகிறீர்களா? தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, இலைதழைகள் மிதந்து வந்தால் ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.