'நோ சிக்னல்' வந்தால் பிள்ளையைத் திட்டுவதற்கு முன்...

ஹாலில் இருக்கும் டிவி ஒன்றுதான், ஆனால் அதற்குச் சொந்தக்காரர்கள் பலர். பாட்டிக்கு சீரியல், அப்பாவுக்கு கிரிக்கெட், அம்மாவுக்கு ராத்திரிச் செய்தி. கேம் கன்சோல் வைத்திருக்கும் பிள்ளைக்கு, எல்லோரும் எழுந்துபோன பிறகு கிடைக்கும் அரை மணி நேரம். அந்த நேரத்தில் திரை கறுத்துப்போய் நடுவில் 'நோ சிக்னல்' என்று வந்தால், வீடே விசாரணை இல்லாமல் தீர்ப்பு எழுதிவிடும். "இவன்தான் எதையோ நோண்டியிருக்கான்!"

அந்தக் கோபத்துக்கு அடியில் இருப்பது பயம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோது, டிஸ்க் போடும் மாடலின் விலை 49,990 ரூபாய். பல வீடுகளில் அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் ஆயிரங்களில்தான் செலவு. அந்தப் பணம் கண்ணெதிரே கறுப்பாகிப்போனால் யாருக்கும் பதறத்தான் செய்யும்.

தாம்பரத்தில் ஒரு வீடு. ப்ளஸ் ஒன் படிக்கும் பையன், இரண்டு தீபாவளிக் காசையும் பாட்டி கொடுத்ததையும் சேர்த்துவைத்து, பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்றை வாங்கியிருந்தான். வீடு மாறினார்கள். புது வீட்டில் டிவியைச் சுவரில் மாட்டினார்கள். அன்று ராத்திரி கன்சோலைப் போட்டால் வெள்ளை விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை.

"லாரில ஏத்தும்போது கீழ போட்டியாடா?"

"நான் எதுவும் பண்ணலப்பா."

"சீரியல் நல்லா வருதே. அப்ப டிவி நல்லாத்தானே இருக்கு?" என்று பாட்டி கேட்டதும், பழி முழுக்க கன்சோல் மேலும் பையன் மேலும் விழுந்தது. இரண்டு நாளில் நான்கு முறை "நான் எதுவும் பண்ணலப்பா" என்று சொன்னவன், அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டான். வித்துவிடலாம் என்று அப்பா முடிவெடுத்திருந்தார்.

பாட்டி சொன்னது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது.

அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

கன்சோலையும் டிவியையும் இணைக்கும் ஹெச்.டி.எம்.ஐ கேபிளின் முனையில் 19 பின்கள் உண்டு. படமும் சத்தமும் மட்டும் அதில் போவதில்லை, பேச்சுவார்த்தையும் நடக்கிறது. முகூர்த்தத்துக்கு முன் சம்பந்திகள் உட்கார்ந்து பேசி முடிப்பதுபோல, முதலில் டிவி "என்னால் இந்த இந்த அளவுப் படம்தான் காட்ட முடியும்" என்று கன்சோலிடம் சொல்லும். கன்சோல் அதற்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும். திருட்டு காப்பியைத் தடுக்கும் ஹெச்.டி.சி.பி என்ற பூட்டைப் பற்றியும் இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் படம்.

இந்தப் பேச்சு எங்கே தடைப்பட்டாலும் திரை கறுப்புதான். ஆக 'நோ சிக்னல்' என்றால் 'இந்த வழியாக எனக்கு எதுவும் வந்து சேரவில்லை' என்றுதான் டிவி சொல்கிறது. யார் தப்பு என்று அது சொல்வதே இல்லை.

தாம்பரம் வீட்டில் சீரியல் வந்தது முதல் ஹெச்.டி.எம்.ஐ துளை வழியாக. கன்சோல் இருந்தது இரண்டாவது துளையில், வேறொரு கேபிளில். சீரியல் வருவதால் அந்தத் துளையும் கேபிளும் நன்றாக இருக்கின்றன என்று எப்படிச் சொல்ல முடியும்?

காசு செலவில்லாத சோதனை

முதலில் கன்சோலின் விளக்கைப் பாருங்கள். பிளேஸ்டேஷனில் வெள்ளை என்றால் இயங்குகிறது, ஆரஞ்சு என்றால் ஓய்வில் இருக்கிறது. அடுத்து, டிவி ரிமோட்டில் 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' பட்டனை அழுத்தி, கேபிள் எந்த எண்ணில் செருகியிருக்கிறதோ அதே எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பிறகு செட் டாப் பாக்ஸ். வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கேபிளும் ஒரு துளையும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. பாக்ஸின் பின்னாலிருந்து அந்த கேபிளைக் கழற்றி கன்சோலில் செருகுங்கள். படம் வந்துவிட்டால் கன்சோல் பிழைத்தது. தப்பு பழைய கேபிளிலோ, டிவியின் பழைய துளையிலோதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

தாம்பரம் அப்பா மூன்றாம் நாள் இதைச் செய்தார். செட் டாப் பாக்ஸ் கேபிளில் கேம் பளிச்சென்று வந்தது. பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டு டிவியைச் சுவரிலிருந்து இறக்கி, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். சுவருக்கும் டிவிக்கும் நடுவே இடம் போதாமல், கேபிள் மடங்கி, முனை பாதி வெளியே வந்திருந்தது. டிவியைச் சுவரில் மாட்டியது அவர்தான்.

அவர் மன்னிப்பு கேட்கவில்லை. நம் வீட்டு அப்பாக்களுக்கு அது அவ்வளவு சுலபத்தில் வராது. மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட் போய் இரண்டு மீட்டர் கேபிளும், சுவரில் இடிக்காமல் திரும்பும் எல் வடிவ முனையும் வாங்கி வந்து, பையனின் மேஜையில் வைத்தார்.

கேபிள் சரி, ஆனாலும் படம் இல்லையா?

கன்சோலை முறையாக அணைத்துவிட்டு, டிவி, கன்சோல் இரண்டின் ப்ளக்கையும் பிடுங்கி ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு முதலில் டிவி, அப்புறம் கன்சோல் என்று போடுங்கள். நின்றுபோன பேச்சு புதிதாகத் தொடங்கும். ஆரஞ்சு விளக்கு எரியும்போது மட்டும் ப்ளக்கைப் பிடுங்காதீர்கள், பதிவுகள் கெடலாம்.

ஹாலில் 4கே டிவியில் ஓடிய கன்சோலை, ரூமில் இருக்கும் பழைய மானிட்டருக்கு மாற்றும்போது அளவு ஒத்துப்போகாமல் படம் வராமல் போகலாம். பிளேஸ்டேஷனை முழுதாக அணைத்து, பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். முதல் பீப்புக்கு விடாமல், சுமார் ஏழு நொடி கழித்து வரும் இரண்டாவது பீப்பில் விடுங்கள். கன்ட்ரோலரை யு.எஸ்.பி கேபிளில் இணைத்து அதன் பி.எஸ் பட்டனை அழுத்தினால் 'சேஃப் மோட்' பட்டியல் வரும். திரை அளவை மாற்றுவது அதன் இரண்டாவது வரி. கீழே இருக்கும் 'இனிஷியலைஸ்', 'ரீசெட்' வரிகளைத் தொட்டுவிடாதீர்கள், சேர்த்துவைத்த விளையாட்டெல்லாம் அழிந்துவிடும்.

நின்டெண்டோ ஸ்விட்ச் என்றால் சார்ஜரைக் கவனியுங்கள். டிவியில் படம் காட்ட அதன் டாக்குக்கு 15 வோல்ட் வேண்டும். கையில் கிடைத்த போன் சார்ஜரைச் செருகினால் பேட்டரி ஏறலாம், டிவியில் படம் வராது.

படம் வருகிறது, ஆனால் சரியில்லையா?

புள்ளி புள்ளியாக மினுக்கினாலோ, நொடிக்கு ஒருமுறை கறுத்து மீண்டாலோ, கேபிளால் அந்த அளவு தகவலைத் தாங்க முடியவில்லை என்று சந்தேகப்படலாம். 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் பார்க்க 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்று அச்சிட்ட கேபிள் வேண்டும். பல டிவிகளில் அதற்கான துளை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியின் படம் அளவு அமைப்பில் 'ஸ்க்ரீன் ஃபிட்' போன்றதைத் தேர்ந்தெடுங்கள். பரணில் இருந்து இறக்கிய பழைய கன்சோல் கறுப்பு வெள்ளையில் தெரிந்தால், மஞ்சள் முனை எந்தத் துளையில் இருக்கிறது, டிவியில் 'ஏ.வி' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சில இணைப்புகள் எவ்வளவு முயன்றாலும் வேலை செய்யாது. லேப்டாப்பில் இருக்கும் ஹெச்.டி.எம்.ஐ துளை பெரும்பாலும் படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான். கன்சோலை அதில் செருகி லேப்டாப் திரையில் பார்க்க முடியாது. பழைய வி.ஜி.ஏ மானிட்டருக்கு, உள்ளே சர்க்யூட் இருக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். வெறும் கேபிள் உதவாது. கன்வெர்ட்டர் போட்டாலும் சத்தத்துக்குத் தனி வழி பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் கறுப்பா? கன்சோலின் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பின் வளைந்திருந்தால் ஊசியால் குத்தாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். துளையை மட்டும் மாற்றும் வேலை பல கடைகளில் நடக்கிறது. எந்த கேபிள், எந்த டிவி, விளக்கு என்ன நிறம் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். "மெயின் போர்டே போயிடுச்சு" என்று எடுத்ததும் சொன்னால், இன்னொரு கடையிலும் காட்டுங்கள்.

இன்றைய அப்பாக்களில் பலர் தொண்ணூறுகளில் கேசட் போட்ட டிவி கேம் ஆடியவர்கள். கோடு கோடாக வந்த படத்தைத் தெளிய வைக்க, டிவியின் ட்யூனிங்கை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக் காத்திருந்தவர்கள். அந்தப் பொறுமை எங்கும் போய்விடவில்லை. ஒருவர் டிவிக்குப் பின்னால் டார்ச்சோடு நின்றால், இன்னொருவர் கன்சோல் பக்கம் உட்கார்ந்து "வந்துச்சு, போச்சு" என்று சொல்ல வேண்டும். தனியாக ஒருவர் செய்தால் அரை நாள் ஆகும் இந்த வேலை, இரண்டு பேர் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கேபிள் போனால் சில நூறு ரூபாயில் வேறு வாங்கிவிடலாம். "நான் எதுவும் பண்ணலப்பா" என்று ஒரு பிள்ளை சொல்வதை நிறுத்திவிட்டால், அதைத் திரும்பச் சொல்ல வைக்க எந்தக் கடையிலும் உதிரி பாகம் கிடைக்காது.