வேகம் கேட்டுப் பேசு

பணி ஓய்வுக்கு நான்கு ஆண்டுகள் இருந்தபோது, ஒரு சர்க்யூட் போர்டு என்னை மூன்று வாரம் தூங்கவிடவில்லை. பெங்களூரில் எங்கள் ஆய்வகம். கேமராவிலிருந்து வரும் படங்களை நீண்ட தாமிரப் பாதை வழியாக ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்குக் கடத்த வேண்டும். கேமராவின் கணக்குக்குப் பொருந்திய வேகம் வினாடிக்கு 4.8 கிகாபிட்.

அந்த வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் சுமார் 208 பிகோ வினாடி. அதற்குள் அது போர்டில் மூன்று சென்டிமீட்டர்தான் நகரும். போகப் போகத் தாமிரமும் போர்டின் கண்ணாடியிழையும் சிக்னலின் கூர்மையைத் தின்றுவிடும். அதனால் நடுவழியில் ஒரு ரிப்பீட்டர் சிப் வைப்போம். அதில் இரண்டு வகை உண்டு. ரீடிரைவர் என்பது கேட்டதை உரக்கச் சொல்லும். இரைச்சலையும் சேர்த்தே சொல்லும். ரீடைமர் அப்படியல்ல. வரும் சிக்னலிலிருந்தே தாளத்தைப் பிடித்து, ஒவ்வொரு பிட்டும் ஒன்றா பூஜ்யமா என்று தீர்மானித்துப் புதிதாக எழுதி அனுப்பும். பேச்சை எண்களாக்கி அனுப்பும் வழியை 1937-ல் அலெக் ரீவ்ஸ் கண்டபோது, அதன் பெரும்பயனாக அவர் கருதியது இந்தப் புதுப்பித்தலைத்தான். 1962-ல் அமெரிக்காவில் வந்த டி1 தொலைபேசித் தடத்தில், ஏறத்தாழ 1.8 கிலோமீட்டருக்கு ஒரு ரிப்பீட்டர் நின்று, வினாடிக்கு 15.44 லட்சம் பிட்டுகளை இப்படித்தான் துலக்கி அனுப்பியது.

எங்கள் போர்டில் இருந்ததும் ரீடைமர். ஆனால் அது 10 கிகாபிட் ஈத்தர்நெட்டுக்காக, அதாவது 10.3125 கிகாபிட் வேகத்துக்காக அமைந்து வந்தது. மின்சாரம் கொடுத்தோம். மறுமுனையில் எதுவும் வரவில்லை. நான் சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும் அளவைப் படிப்படியாகக் கூட்டினேன். வெளியீட்டின் வீச்சைக் கூட்டினேன். சிப் பேசவே இல்லை.

அப்போது எங்களிடம் ஒரு பயிற்சிப் பொறியாளன் இருந்தான். கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவன். கூட்டங்களில் வாய் திறக்க மாட்டான். அவனுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, சொன்னதையே இன்னும் உரக்கச் சொல்வது என் வழக்கம். அன்று மாலை எனக்கும் களைப்பு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, உனக்கு என்ன தோணுது?" என்று தமிழில் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். ஒரு நிமிடம் கழித்துச் சொன்னான்:

"சார், நம்ம வேகம் என்னன்னு இந்தச் சிப்புகிட்ட யாருமே சொல்லலையே."

கையேட்டைப் புரட்டினோம். அந்தச் சிப்புக்குள் தாளம் போடும் ஆஸிலேட்டர் 8.5 முதல் 11.3 கிகாஹெர்ட்ஸ் வரைதான் ஆடும். அதை 1, 2, 4, 8 என்று வகுத்துக் குறைந்த வேகங்களைப் பெறலாம். 4.8-இன் இருமடங்கு 9.6, அது எல்லைக்குள் இருந்தது. அளவுகோலாக 25 மெகாஹெர்ட்ஸ் கிளாக் உண்டு. அதன் ஒரு சுற்றுக்குள் ஆஸிலேட்டர் 412.5 சுற்று சுற்ற வேண்டும் என்று ஈத்தர்நெட்டுக்காகச் சிப் எதிர்பார்த்துக் காத்திருந்தது. எங்களுக்கு வேண்டியது 384. புதிய கணக்கை ரெஜிஸ்டர்களில் எழுதி, இரண்டால் வகுக்கச் சொன்னோம். சிப் தாளத்தைப் பிடித்துக்கொண்டது, அதாவது லாக் ஆனது.

லாக் ஆன பிறகுதான் தெரிந்தது, நான் கூட்டி வைத்திருந்த அளவே சிக்னலைக் கெடுத்துக்கொண்டிருந்தது என்று. அதைக் குறைத்துவிட்டு இரவு முழுதும் சோதனையை ஓடவிட்டோம். பன்னிரண்டு மணி நேரம், 200 லட்சம் கோடிக்கு மேல் பிட்டுகள். ஒரு பிழைகூட இல்லை.

அந்தச் சிப் அதுவரை ஊமையாக நின்றதன் காரணமும் கையேட்டில் இருந்தது. தாளம் பிடிபடாதபோது வாயை மூடிக்கொள்ளும்படி அதை அமைத்திருந்தார்கள். விளங்காததை அது வெளியே சொல்லாது. நான் பழுது என்று எண்ணியது அதன் நேர்மை. பையனின் மௌனத்தையும் நான் அப்படித்தான் தவறாகப் படித்திருந்தேன். அவனுக்கு அறிவு குறையவில்லை. அவனுடைய வேகத்தை நான் கேட்கவில்லை.

எல்லா வேகத்துக்கும் நாம் ஈடுகொடுத்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 3.2 கிகாபிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருமடங்கு 6.4, நான்கு மடங்கு 12.8, இரண்டும் அந்த ஆஸிலேட்டரின் எல்லைக்கு வெளியே. அப்போது சிப்பின் தாளம் பிடிக்கும் பகுதியை ஒதுக்கிவிட்டு, வந்ததை அப்படியே கடத்தும் நிலையில் அதை வைக்கலாம். துக்கத்தில் இருப்பவரிடம் நாம் இருக்க வேண்டிய நிலையும் அதுவே. அவர் பேச்சை நாம் சீர்செய்ய வேண்டாம். காது கொடுத்தால் போதும்.

எனக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. வீடுகளில் நான் அதிகம் கேட்பது உயர்ந்த குரல்களைத்தான். கணக்கு வராத பிள்ளையிடம், செல்போன் பிடிபடாத பாட்டியிடம், புதிதாக வேலைக்கு வந்தவரிடம் சொன்னதையே உரக்கச் சொல்கிறோம். இரண்டாம் முறை குரலை உயர்த்தும் முன், "எந்த இடத்துல விட்டுப்போச்சு?" என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.