மொட்டை மாடியும் மூணு கிலோவாட்டும்

போன பொங்கலுக்கு ஆலங்குடி போயிருந்தப்போ அப்பா ஒரு நோட்டீஸை நீட்டினார். "தம்பி, இதைக் கொஞ்சம் பாரு. வீட்டுக்கு சோலார் போடலாம்னு இருக்கேன்."

எனக்கு ஒரே குஷி. சென்னையில பொட்டி தட்டுறவனுக்கு ஊர்ல போய் அறிவாளியா காட்டிக்க இதை விட்டா வேற சான்ஸ் ஏது? உடனே லேப்டாப்பைத் திறந்து எக்செல்லைத் தட்டிட்டேன். (படிச்சது மெக்கானிக்கல், பார்க்குறது சாஃப்ட்வேர், பேசப்போறது எலக்ட்ரிகல். நம்மாளுங்க இன்ஜினியரிங் லட்சணம் இதான் :-) )

முதல்ல கணக்கைச் சொல்லிடறேன். போடலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவங்களுக்கு உதவும்.

2024 பிப்ரவரியில மத்திய அரசு பி.எம். சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கிச்சு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 ரூபாய் மானியம். முழுப் பணத்தையும் நாம முதல்ல கட்டணும், மானியம் அப்புறமா நம்ம பேங்க் கணக்குக்கு வரும். ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி மாடி வேணும். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட், வருஷ சராசரியா பார்த்தா, ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். (வெயில் கொளுத்துனா இன்னும் நிறைய வரும்னு நினைக்காதீங்க. பேனல் சூடாக சூடாக உற்பத்தி குறையும். அதுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல.) பகல்ல மிச்சமாகிறது இ.பி. லைனுக்குப் போகும், ராத்திரி தேவைக்கு அங்கேருந்து எடுத்துக்கலாம். மீட்டர் ரெண்டையும் கழிச்சுக் காட்டும்.

எங்க வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு சுமாரா 460 யூனிட். 2024 ஜூலை கட்டணப்படி முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35, அடுத்த 200 யூனிட் 4.70, அதுக்கு மேல 500 வரைக்கும் 6.30. கூட்டினா 1,553 ரூபாய். கோடையில கொஞ்சம் ஏறும். வருஷத்துக்கு பத்தாயிரம்னு வச்சுக்கலாம். தோட்டத்து போர் மோட்டாருக்கு விவசாய இலவச மின்சாரம், அது இந்தக் கணக்குலயே வராது.

நோட்டீஸ்ல இருந்த மூணு கிலோவாட் எங்களுக்கு அதிகம். ரெண்டு போதும். விலை ஒன்றரை லட்சம் சொன்னாங்க. மானியம் போக 90,000. போட்ட பணம் திரும்பி வர ஒம்பது வருஷம்! நடுவுல இன்வெர்ட்டர் மாத்த வேண்டி வந்தா அது தனி.

இதே கணக்கை என் ஆபீஸ் நண்பர் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னையில தனி வீடு, மூணு ஏ.சி., ரெண்டு மாசத்துக்கு 1,200 யூனிட், பில் 9,100 சொச்சம். அவர் மூணு கிலோவாட் போட்டா 720 யூனிட் குறையும். குறையிறது எல்லாம் 8 ரூபாய்லேருந்து 11 ரூபாய் வரைக்கும் விக்கிற மேல்தட்டு யூனிட்டுங்க. 500-க்குக் கீழ வந்துட்டா அந்த 2.35 சலுகையும் திரும்பக் கிடைக்கும். அவருக்கு மூணே வருஷத்துல காசு வந்துடும். ஆக, கரண்டை அதிகமா எரிக்கிறவனுக்குத்தான் சோலார்ல லாபம். சிக்கனமா இருக்கிற எங்க அப்பா மாதிரி ஆளுக்குக் கிடையாது. என்ன நியாயமோ!

எக்செல்லை மூடிட்டு தீர்ப்பு சொன்னேன். "அப்பா, இது வேஸ்ட்டு. பணத்தை பேங்க்லயே போட்டு வைங்க."

அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "பில்லு கூடுதல்னு நான் எப்படா சொன்னேன்? கரண்டு போனா ஓடுமா, அதைச் சொல்லு"ன்னார்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

கரண்ட் இல்லாம இருக்கிறது எனக்குப் புதுசு இல்ல. 2012-13ல பத்தாவது படிக்கும்போது கரண்ட் எப்ப வரும்னு பார்த்துதான் படிக்கவே உக்காருவேன். வீட்டுல இன்வெர்ட்டர் வாங்கினது அப்பதான். ஆனா 2018 நவம்பர் 16 வேற. கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்து எங்க பக்கமா உள்ள வந்துச்சு. நான் திருச்சியில கடைசி வருஷம், ஹாஸ்டல்ல இருந்தேன். போன் யாருக்கும் போகல. ரெண்டு நாள் கழிச்சுக் கிளம்பி, ரோட்டுல மரம் கிடந்ததால கடைசி அஞ்சாறு கிலோமீட்டர் நடந்தே போய்ச் சேர்ந்தேன். எங்க தென்னை அறுபதுல நாப்பத்தேழு கிடக்கு. வாசல்ல இருந்த பலாவும் போச்சு. அப்பா என்னைப் பார்த்ததும் முதல்ல கேட்டது, "ஐஸ்கட்டி எங்கயாவது கண்ணுல பட்டுச்சா?"

அம்மாவுக்கு சர்க்கரை. இன்சுலின் ஃப்ரிட்ஜ்ல இருக்கணும். இன்வெர்ட்டர் ஒரே ராத்திரியில உயிரை விட்டுடுச்சு. புதுசா வாங்கலாம்னா மருந்துக்கடையிலயும் அதே நிலைமை. அப்பா ஒரு பானையில ஈர மணலைக் கொட்டி, மருந்தை டப்பாவுல போட்டு அதுக்குள்ள இறக்கி வச்சிருந்தார். மணி நேர வாடகைக்கு ஜெனரேட்டர் வந்தா தெருவே தண்ணித் தொட்டியை நிரப்பும். இன்வெர்ட்டர் பேட்டரியை டிவிஎஸ் ஃபிப்டியில கட்டிக்கிட்டு அப்பா அது பின்னாடியே அலைஞ்சார். வெளியூர்லேருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்து ராப்பகலா கம்பம் நட்டாங்க. ஆனா விழுந்தது ஒண்ணா ரெண்டா? எங்க தெருவுக்கு கரண்ட் வர 22 நாள் ஆச்சு.

நான் கணக்குப் போட்டது அம்பது பைசா வரைக்கும் சரி. கேள்விதான் தப்பு.

மறுநாள் கம்பெனிக்காரர் மாடியைப் பார்க்க வந்தார். "ஐயா, தெக்குப் பக்கம் நிழலே இல்ல, அருமையான மாடி"ன்னார். நிழல் தந்த ஏழு மரமும் கஜாவுல போச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு கீழயே பார்த்துக்கிட்டு இருந்தார். 2019ல அந்தக் குழியிலயே வச்ச கன்னுங்க இப்பதான் பாளை விட ஆரம்பிச்சிருக்கு. "இதுங்க வளர்ந்தா நிழல் விழும், எடுத்துடறது நல்லது"ன்னு அவர் அடுத்துச் சொன்னார். பேனல்களை வரிசையாக் கோர்த்திருப்பாங்க. வாளி கைமாத்துற வரிசையில ஒருத்தன் சோர்ந்தா மொத்த வரிசையும் சோர்ற மாதிரி, ஒரு பேனல்ல நிழல் விழுந்தாலும் மத்ததும் படுத்துடும். அவர் சொன்னது தப்பில்ல.

நான் அப்பாவோட கேள்வியைக் கேட்டேன். "கரண்ட் போனா ஓடுமா?"

"ஓடாது சார், இது ஆன்கிரிட்."

லைன் செத்துப்போச்சுன்னு நம்பி லைன்மேன் கம்பியில கை வைப்பார். அந்த நேரம் நம்ம மாடியிலேருந்து கரண்ட் போனா அவர் உயிர் போயிடும். அதனால இ.பி. போனதும் இன்வெர்ட்டர் தானா நின்னுடும். நியாயமான ஏற்பாடுதான். ஆனா அந்த 22 நாளும் உச்சி வெயில்ல பேனல் காய்ஞ்சாலும் ஃப்ரிட்ஜுக்கு ஒரு யூனிட் கிடைச்சிருக்காது. ராத்திரியும் ஓடணும்னா பேட்டரியோட ஹைபிரிட் போடணும். பேட்டரிக்கு மானியம் இல்ல, இன்னும் லட்சத்துக்கு மேல ஆகும்னார்.

"அப்ப இது நமக்கு இல்ல, இ.பி.க்குப் போடறது"ன்னு அப்பா முடிச்சுட்டார்.

கடைசியில என்ன பண்ணினோம்னா, இருக்கிற இன்வெர்ட்டர் பேட்டரியோட 165 வாட் பேனல் ரெண்டு சேர்த்தோம். நடுவுல ஒரு சார்ஜ் கன்ட்ரோலர். இரும்பு ஸ்டாண்ட், வயர், கூலி எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். மானியம் கிடையாது. நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. சின்ன ஃப்ரிட்ஜும் ராத்திரிக்கு ஒரு ஃபேனும் ரெண்டு லைட்டும் ஓட்டலாம். மாடியோட வடமேற்கு மூலையில வச்சதால தென்னங்கன்னு மேல யாரும் கை வைக்கல.

அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பேட்டரி மாத்துற செலவையும் சேர்த்தா இது போட்ட காசை என்னைக்குமே திருப்பித் தராது. எக்செல் அந்தக் கட்டத்தை இன்னும் சிவப்பாத்தான் காட்டுது. காட்டட்டும். பானையில இன்சுலின் இறக்கி வச்ச மனுஷனுக்கு அந்தக் கட்டத்துல என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியல.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பேனலை ஸ்டாண்டோட சேர்த்து இறுக்கிடலாம்னு வந்தவங்க சொன்னப்போ அப்பா ஒத்துக்கல. கையால கழட்டுற மாதிரி நட்டு போல்ட்தான் வேணும்னு நின்னார். கஜாவுல தகரக்கூரை பறந்ததை அவர் கண்ணால பார்த்தவர். புயல்னு ரேடியோவுல சொன்னா ரெண்டையும் கழட்டி கட்டிலுக்கு அடியில வச்சுட்டு, காத்து அடங்கினதும் திரும்ப மாட்டிக்கணுமாம்.

ஊருக்குக் கிளம்பற அன்னைக்கு ரெண்டு பேரும் ஒத்திகை பார்த்தோம். பன்னெண்டு நிமிஷம். ஸ்பானர் இப்ப மாடிப்படி ஆணியில தொங்குது. அதை யாரும் எடுக்கக் கூடாதுன்னு அம்மாவுக்கே தடை :-)